காரை வடிவமைப்பது இன்ஜினியரா, கெஜட்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கார் வாங்கப் போகிறவர் நம் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" கலர், சீட்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் அதற்கு அப்புறம். இவ்வளவு கவலையோடு மைலேஜ் கேட்கிற ஜனங்கள் இருக்கிற நாட்டில், நல்ல மைலேஜ் தருகிற கார் தானாகவே கடைக்கு வந்துவிட வேண்டுமா இல்லையா? பொருளாதாரப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது: தேவை இருந்தால் சரக்கு வரும். ஆனால் நம் நாட்டு அனுபவம் வேறு. ஷோரூமில் எந்தக் கார் நிற்கும் என்பதை வாங்குகிறவருக்கு முன்னாலேயே வேறொருவர் தீர்மானித்துவிடுகிறார். அவர் பெயர் கெஜட். அரசிதழில் நான்கு வரி அச்சாகிறது. அந்த நான்கு வரிக்குத் தக்கபடி கார் பிறக்கிறது, அல்லது பிறக்காமலே போகிறது.

இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். கார் உதிரி பாகத் தொழிலில் என் காலம் முழுவதும் போயிற்று. கட்சி அரசியல் பேசப்போவதில்லை, பயப்படாதீர்கள். எல்லாக் கட்சி ஆட்சியும் இதில் வரும்.

லைசென்ஸ் காலம்

மாணவர்களுக்குச் சரித்திரம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுதந்திரத்துக்கு முன்பே ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டும் இங்கே கார்களைப் பூட்டி விற்றுக்கொண்டிருந்தன. 1953-ல் டாரிஃப் கமிஷன் ஒரு பரிந்துரை செய்தது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டினால் மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. இரண்டு கம்பெனியும் மூட்டை கட்டின. மிச்சம் இருந்து கார் செய்தவர்கள் முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா பக்கம் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ்.

1951-ஆம் வருடத் தொழில் சட்டப்படி எதைச் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். புது மாடல் கொண்டுவர வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வேண்டுமா, அதற்கும் அனுமதி. மெஷின் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி, அதற்கும் அனுமதி. காரை ஆடம்பரப் பொருள் என்று நினைத்த காலம் அது. செலாவணி தட்டுப்பாடும் உண்மையாகவே இருந்தது. அதனால் அனுமதி லேசில் கிடைக்காது. கிடைக்காததில் கம்பெனிக்கும் பெரிய வருத்தம் இல்லை. போட்டி கிடையாது, செய்கிற கார் அத்தனைக்கும் ஆள் காத்திருக்கிறார்கள். பின்னே ஏன் மாற்ற வேண்டும்?

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. பீப்பாய் சுமார் 3 டாலர் விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களிலேயே 11, 12 டாலருக்கு ஏறியது. உலகம் முழுக்க ஜனங்கள் சின்னக் காரைத் தேடினார்கள். ஜப்பான்காரன் கொழித்தான். நம் ஊரில்? மைலேஜ் வேண்டும் என்ற ஆசை இங்கேதான் அதிகம். ஆனால் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. 1,100 கிலோவுக்கு மேல் எடையுள்ள அம்பாசிடர் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தாலே தெருவில் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஏறிய பெட்ரோல் விலை ஜனங்களைக் கசக்கியது. அந்தக் கசக்கலுக்குப் பதிலாக ஒரு நல்ல இன்ஜின் வரவில்லை. வருவதற்கான வாசல் பூட்டியிருந்தது. தேவை இருந்தால் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதைத்தான்.

பூட்டிய கையே திறந்தது

அந்த வாசல் திறந்த கதை வேடிக்கையானது. 1971-ல் சஞ்சய் காந்தி மாருதி என்ற பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். மக்கள் கார் செய்கிறோம் என்றார்கள், கார் வரவில்லை. அவர் 1980-ல் மறைந்த பிறகு, அந்த வருடமே அரசு அதை நாட்டுடைமை ஆக்கியது. 1981-ல் மாருதி உத்யோக் என்று பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார்கள். அனுமதி கொடுக்க வேண்டியதும் அரசு, பெரும்பங்கு முதலாளியும் அரசு. ஆகவே கோப்பு நடந்தது என்று சொல்வதைவிட ஓடியது என்றே சொல்லலாம்.

796 சிசி, சுமார் 650 கிலோ எடை, முன்சக்கர இயக்கம். அம்பாசிடரில் இருந்து இறங்கி இதில் ஏறியவர்களுக்குப் பெட்ரோல் செலவு ஏறத்தாழ பாதியாயிற்று. நம் நடுத்தரக் குடும்பம் கார் வாங்கலாம் என்று தைரியம் கொண்டது அப்போதுதான்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கார் ஏன் அவ்வளவு சின்னது? ஜப்பானில் 'கெய்' என்று ஒரு வகைக் கார் உண்டு. இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன சிசிக்குள் இருந்தால் வரி குறைவு, இன்னும் பல சலுகைகள் என்று அந்த நாட்டு விதி சொல்கிறது. 1976-ல் அந்த வரம்பை 550 சிசிக்கு உயர்த்தினார்கள். மாருதி 800-க்கு மூலமான சுசுகி ஆல்ட்டோ அந்த விதிக்குள் அடங்கச் செய்த வண்டி. ஜப்பானில் அதற்கு 543 சிசி இன்ஜின். வெளிநாட்டுக்கு 796 சிசி. அதாவது டோக்கியோவில் யாரோ ஒரு அதிகாரி வரைந்த கட்டத்துக்குள் பிறந்த குழந்தை, டில்லியில் வேறொரு அரசின் தயவால் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. இரண்டு பக்கமும் கெஜட்தான்.

அதனால் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுப்பாடு காரைத் தடுக்கவும் செய்யும், பெற்றெடுக்கவும் செய்யும். அது எதை அளக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் ஒழிந்தது. பத்து வருடத்துக்குள் மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சான்ட்ரோ, இண்டிகா என்று தெரு நிறைந்தது. நம் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் அங்கே வேலைக்குப் போனார்கள் என்று இந்த அரங்கில் கை தூக்கச் சொன்னாலே தெரியும்.

அமெரிக்கக்காரனும் விதிவிலக்கல்ல

இதெல்லாம் நம் ஊர்க் குளறுபடி என்று நினைத்துவிடாதீர்கள். சுதந்திரச் சந்தைக்குப் பேர்போன அமெரிக்காவிலும் இதே கதைதான். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் விற்கிற கார்கள் அத்தனைக்கும் சராசரி மைலேஜ் இவ்வளவு இருக்க வேண்டும் என்றார்கள். அதைச் சுருக்கி 'கஃபே' என்பார்கள். காபிக் கடை இல்லை. 1978-ல் ஒரு காலனுக்கு 18 மைல், 1985-ல் 27.5 மைல். நம் கணக்கில் லிட்டருக்குச் சுமார் 7.7-லிருந்து 11.7 கிலோமீட்டர். வண்டிகள் இளைத்தன, மைலேஜ் ஏறியது. சட்டம் வேலை செய்தது.

ஆனால் ஒரு ஓட்டை விட்டுவிட்டார்கள். 'இலகு லாரி' என்ற வகைக்குத் தனி இலக்கு, குறைந்த இலக்கு. விவசாயிக்கும் கொத்தனாருக்கும் தேவைப்படுகிற வண்டி என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். 1996 முதல் 2004 வரை கார்களுக்கு 27.5 மைல் என்றால் இந்த வகைக்கு 20.7 மைல்தான். கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? குடும்பம் போகிற வண்டியை லாரிச் சட்டத்தின் மேல் உட்கார வைத்து எஸ்யூவி என்று விற்றான். 1975-ல் அங்கே விற்ற புது வண்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் இந்த வகை. 2000-க்குப் பிறகு பாதிக்குப் பாதி. பிடி குரூசர் என்று ஒரு கார். பார்த்தால் கார், உட்கார்ந்தால் கார், சட்டத்துக்கு மட்டும் லாரி!

இன்னொன்று. 1981-ல் ஜப்பான் கார்கள் வருடத்துக்கு 16.8 லட்சத்துக்கு மேல் வரக்கூடாது என்று அமெரிக்க அரசியல் நெருக்கடியால் ஒரு 'தன்னிச்சை'க் கட்டுப்பாடு வந்தது. டெட்ராய்ட் தொழிலாளர் வேலையைக் காப்பாற்ற. விளைவு என்ன? எண்ணிக்கைக்குத்தானே வரம்பு? அப்போ ஒவ்வொரு காரிலும் லாபம் அதிகம் பார்க்க வேண்டும். ஜப்பான்காரன் சின்னக் காரை விட்டுப் பெரிய, விலை கூடிய காரை அனுப்ப ஆரம்பித்தான். 1986-ல் அக்கூரா, 1989-ல் லெக்சஸ். சிக்கனத்துக்குப் பேர் வாங்கியவனை ஆடம்பரத்துக்குத் தள்ளியது ஒரு வர்த்தக விதி.

அந்தப் பழைய சட்டத்தின் இன்றைய கதை இன்னும் வேடிக்கை. 2025 ஜூலையில் அமெரிக்காவில் கையெழுத்தான சட்டம், இலக்கை எட்டாவிட்டால் கட்ட வேண்டிய அபராதத்தைப் பூஜ்யம் ஆக்கியது. சட்டத்தை எடுக்கவில்லை, அதன் பல்லை மட்டும் பிடுங்கினார்கள்.

நான்கு மீட்டர் கோடு

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். சின்னக் கார் என்றால் என்ன? நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். இந்தியா சின்னக் கார்களின் உற்பத்தி மையம் ஆக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம், பலனும் வந்தது.

ஆனால் அந்த விதியில் மைலேஜ் என்ற சொல்லே கிடையாது. டேப் வைத்து நீளத்தை அளந்தார்கள், சிசியைப் பார்த்தார்கள், முடிந்தது. அதற்குப் பிறகு நம் டிசைன்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2008-ல் வந்த டிசையர் 4,160 மில்லிமீட்டர். 2012-ல் வந்த அடுத்த டிசையர் 3,995. டிக்கி 440 லிட்டரிலிருந்து 316 லிட்டராகச் சுருங்கியது. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்பார்களே, அதுதான். ஏரோடைனமிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். வண்டியின் வால் சற்று நீண்டு சரிந்தால் காற்று அமைதியாக விலகும், எரிபொருள் மிச்சம் ஆகும். வாலை வெட்டினால் வரி மிச்சம் ஆகும். கம்பெனி எதைச் செய்யும்? நீங்களும் நானும் அந்த நாற்காலியில் இருந்தாலும் வாலைத்தான் வெட்டுவோம்.

அப்புறம் அந்த 3,995 மில்லிமீட்டருக்குள்ளேயே உயரத்தைக் கூட்டி எஸ்யூவி செய்தார்கள். நீளத்துக்குத்தானே வரம்பு, உயரத்துக்கு இல்லையே! உயரமான வண்டி காற்றை அதிகம் தள்ள வேண்டும், எடையும் கூடும். ஆனால் வரி ஒன்றுதான்.

கோட்டுக்குத் தக்கபடி இன்ஜினும் மாறும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், டில்லியின் காற்று மாசைக் கருதி, அந்த வட்டாரத்தில் 2,000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தற்காலிகத் தடை விதித்தது. அடுத்த மாதமே மஹிந்திரா 2.2 லிட்டர் இன்ஜினை 1.99 லிட்டராக்கி அங்கே விற்றது. நம்மவர்களின் வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கால் லிட்டர்கூடக் குறையாத அந்த மாற்றத்தால் டில்லி ஜனங்களின் மூச்சு எவ்வளவு இலேசாகியிருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கு விடுகிறேன்.

டீசலின் பொற்காலமும் அஸ்தமனமும்

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். டீசலை எடுக்கவில்லை. லாரிக்கு, பஸ்ஸுக்கு, விவசாயியின் பம்புசெட்டுக்கு டீசல் வேண்டும். அதில் கை வைத்தால் எந்த அரசும் தேர்தலில் பதில் சொல்லியாக வேண்டும். நியாயமான பயம். ஆனால் பம்புசெட்டுக்கு வைத்த விருந்தில் கார்க்காரன் வந்து உட்கார்ந்தான். 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். ஒரு லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அந்தக் காலகட்டத்தில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

டீசல் இன்ஜின் சிக்கனமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் லிட்டரில் அளப்பதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஒரு லிட்டர் டீசலில் சக்தியும் அதிகம், எரித்தால் வரும் கரியமில வாயுவும் ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். லிட்டருக்கு 20 கொடுக்கிற டீசலும் லிட்டருக்கு 20 கொடுக்கிற பெட்ரோலும் ஒன்றல்ல. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள்.

அந்த வருடங்களில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையிலும் டீசல் இன்ஜின் பாகத்துக்காகப் புது மெஷின் வரிசை போட்டார்கள். கடன் வாங்கித்தான். பிறகு 2013 தொடங்கி டீசல் விலையை மாதம் 50 பைசா ஏற்றினார்கள், 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்தார்கள். 2016 ஜனவரியில், பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6-க்குப் போகிறோம், 2020 ஏப்ரலில் அமல் என்று அறிவித்தார்கள். பிஎஸ்-6 டீசலுக்குப் புகைக்கரி வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடு குறைக்கும் கருவி எல்லாம் வேண்டும். சின்னக் காரில் அவற்றை வைத்தால் விலை கட்டாது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. எங்கள் மெஷின் வரிசையில் பாதி உறை போட்டு மூடிக் கிடந்தது. அந்த வரிசைக்கென்று எடுத்த பையன்கள் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார்கள்.

பிஎஸ்-6 தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். நம் குழந்தைகளின் நுரையீரலுக்கு அது அவசியம். டீசல் மானியத்தை எடுத்ததும் சரிதான். ஆனால் ஒரு கையால் விலை வித்தியாசம் காட்டி டீசலுக்கு இழுத்து, இன்னொரு கையால் அதே டீசலைத் தள்ளினால் நடுவில் நிற்கிறவன் விழுவான். ஒரு இன்ஜினை வரைந்து, சோதித்து, வரிசை போட்டு உற்பத்திக்குக் கொண்டுவர நான்கைந்து வருடம் ஆகும். போட்ட பணம் திரும்ப இன்னும் ஏழெட்டு வருடம். பட்ஜெட் வருடா வருடம் வருகிறது.

ஹைப்ரிட் பட்ட பாடு

இந்த ஆட்டத்தில் மிகவும் அலைக்கழிந்தது ஹைப்ரிட் கார். பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்தது. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் பிடித்து வைக்கும். நம் ஊர் டிராஃபிக்குக்கு இதைவிடப் பொருத்தம் எது?

2015-ல் மத்திய அரசு மின்சார, ஹைப்ரிட் வண்டிகளுக்கு மானியத் திட்டம் கொண்டுவந்தது. சியாஸ் போன்ற இலேசான ஹைப்ரிட்டுக்கும் 13,000 ரூபாய் கிடைத்தது. 2017 ஏப்ரலில் அந்த வகையைத் திட்டத்திலிருந்து எடுத்தார்கள். அதே வருடம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. அதுவரை ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த பெரிய ஹைப்ரிட்டின் வரி 43 ஆனது. மின்சாரக் காருக்கு 12, பிறகு 2019 ஆகஸ்டிலிருந்து 5. நாடு நேராக மின்சாரத்துக்கே தாவட்டும் என்ற எண்ணம். அந்த எண்ணத்திலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே தாவலில் ஆற்றைக் கடக்க முடியாதவனுக்கு நடுவில் ஒரு கல் வேண்டாமா?

2022-ல் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் என்று இரண்டு ஹைப்ரிட் வந்தன. சோதனைச் சாலைக் கணக்கில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அதே நீளத்தில் 1,500 சிசிக்குள் உள்ள சாதாரணப் பெட்ரோல் காருக்கு வரி 45, ஹைப்ரிட்டுக்கு 43. பெரிய எஸ்யூவிக்கு 50. அத்தனை மிச்சத்துக்கும் பரிசு இரண்டு சதவீதம், ஏழு சதவீதம். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசம் இந்த வகைக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது; அதே கார் மாநில எல்லை தாண்டினால் வேறு விலை ஆயிற்று.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. நான்கு மீட்டருக்குள் சின்னக் காருக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. விலை குறைந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் கொஞ்சம் உள்ளே பாருங்கள். நான்கு மீட்டருக்கு மேலான ஹைப்ரிட் 43-லிருந்து 40-க்கு வந்தது. பெரிய எஸ்யூவி 50-லிருந்து 40-க்கு வந்தது. முன்பிருந்த ஏழு சதவீத வித்தியாசமும் போயிற்று! லிட்டருக்குப் பத்து கொடுக்கிற வண்டிக்கும் 28 கொடுக்கிற வண்டிக்கும் ஒரே வரி. இன்னொரு பக்கம், 3,995 மில்லிமீட்டர் நீளத்தில் லிட்டருக்கு 17, 18 கொடுக்கிற உயரமான வண்டிக்கு 18 சதவீதம். 4,345 மில்லிமீட்டர் நீளமுள்ள, 28 கொடுக்கிற வண்டிக்கு 40. அந்த 345 மில்லிமீட்டருக்கு, ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்துக்கு, இவ்வளவு விலை.

நம்மிடமே உள்ள நல்ல அளவுகோல்

சரி, எரிபொருளையே நேராக அளக்கிற விதி நம்மிடம் இல்லையா? இருக்கிறது. 2017-18 முதல் நமக்கும் கஃபே வந்துவிட்டது. கம்பெனியின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராம் கரியமில வாயு. 2022-23 முதல் 113 கிராம். பெட்ரோலில் சொன்னால் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டர், பிறகு சுமார் 21. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, தாண்டுகிற அளவைப் பொறுத்து வண்டி ஒன்றுக்கு 25,000 ரூபாய் அல்லது 50,000 ரூபாய் என்று அபராதத்தையும் சேர்த்தார்கள். நீளம் இல்லை, சிசி இல்லை, எரிவதை அளக்கிறார்கள். இதுதான் முறை.

இதிலும் சலுகைகள் உண்டு. எடை கூடினால் இலக்கு தளரும். ஒரு மின்சாரக் காரை மூன்றாக எண்ணலாம், நல்ல ஹைப்ரிட்டை இரண்டாக. 2025 செப்டம்பரில் வெளியான அடுத்த கட்ட வரைவில், 909 கிலோவுக்குள், 1,200 சிசிக்குள், நான்கு மீட்டருக்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்குத் தனிச் சலுகை சொல்லப்பட்டது. உடனே சண்டை. "ஏற்கெனவே சிக்கனமான சின்னக் காரை மேலும் பிழியாதே, ஸ்கூட்டரில் போகிற குடும்பம் எதற்கு மாறும்?" என்றது ஒரு பக்கம். "இந்தக் கோடு ஒரே கம்பெனிக்காகப் போட்டது" என்றது மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் வாதம் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. 909 என்ற எண் எப்படி வந்தது, ஏன் 900 இல்லை, ஏன் 950 இல்லை என்று கேட்கிற பொறுப்பு நம் போன்ற படித்தவர்களுக்கு உண்டு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வரி போடுகிறவர்களும் இந்த அளவுகோலையே எடுத்துக்கொள்ளட்டும். நீளத்துக்கும் சிசிக்கும் போடுகிற வரியை, கிலோமீட்டருக்கு எரிகிற எரிபொருளுக்குப் போடட்டும். அப்போது பெட்ரோலா, ஹைப்ரிட்டா, கேஸா, மின்சாரமா என்று அரசு தேர்ந்தெடுக்க வேண்டாம். குறைவாக எரிப்பவனுக்குக் குறைந்த வரி, அவ்வளவுதான். இரண்டாவது, எந்த விதியானாலும் ஐந்து வருடம் முன்னால் சொல்லட்டும், சொன்னதில் நிற்கட்டும். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85-க்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. இது ஒரு கம்பெனியின் லாபக் கணக்கு மட்டும் இல்லை, நாட்டின் பணப்பை.

தம்பி, தங்கைகளே, உங்களில் பாதிப் பேர் டிசைன் மேஜையில் உட்காருவீர்கள். சிலர் ஐ.ஏ.எஸ். எழுதி அந்த நான்கு வரியை எழுதுகிற மேஜையிலேயே உட்காருவீர்கள். இரண்டு மேஜைக்கும் நடுவில் இப்போது பேச்சுவார்த்தை போதாது. பேசுவதெல்லாம் பெரிய கம்பெனிகளின் பிரதிநிதிகள்தான். அரசு ஒரு விதியை மாற்றும் முன் வரைவை வெளியிட்டு, ஆட்சேபணையும் கருத்தும் கேட்பது வழக்கம். அது யாருக்கும் திறந்த கதவு. நம் துறை மாணவர்கள் வருடத்துக்கு ஒரு வரைவையாவது எடுத்து, கணக்குப் போட்டு, "இந்த எண்ணை இப்படி மாற்றினால் இவ்வளவு பெட்ரோல் மிச்சம்" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். ப்ராஜெக்டாகவே செய்யலாம், பேராசிரியர்கள் மார்க் போடத் தயாராக இருப்பார்கள் என்று நினைக்கிறேன், தலையாட்டுகிறார்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் தொழிலில் இருக்கிற உங்கள் அண்ணன், அக்காக்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருக்கிறோம். கேளுங்கள், சொல்லித் தருகிறோம்.